அட்டாலியில் கிடைத்த படப்பெட்டி: பழைய படங்களை அசலாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்க

காங்கேயத்தான்
பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊர் வீட்டைக் காலி செய்தோம். அட்டாலியில், அதான் பரணில், இரண்டு தகரப் பிலிம் டப்பா. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காங்கேயம் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கொட்டகையை விற்றபோது புரொஜெக்டர், ஜெனரேட்டர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் போய்விட்டது. இது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. ஒரு மூடியில் சிவப்புப் பெயிண்டில் ‘கோவை’ என்று பாதி தெரிகிறது. மீதி துரு. இன்னும் திறக்கவில்லை.

கூடவே ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகமும் கிடைத்தது. தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். ஒரு புத்தகத்தில் 13 பாட்டு அச்சாகியிருக்கிறது. அதே படத்தை யூடியூபில் போட்டு உட்கார்ந்து எண்ணினேன், 10 தான். மூன்று பாட்டு எங்கே போனது? படத்தின் பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை. இரண்டு நடிகர்களின் ரசிகர்களும் இங்கே இருக்கிறீர்கள், இழை வேறு பக்கம் போய்விடும்.

டப்பாவுக்குள் எது இருந்தாலும் இருக்கட்டும். முதல் நாள் ஓடியபடியே ஒரே ஒரு பழைய படத்தைப் பார்க்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?

பொள்ளாச்சி சந்தை
டப்பாவுக்குள் முறுக்கு இருக்கும். எங்கள் அமுச்சி வீட்டில் பிலிம் டப்பாவில்தான் முறுக்கு போட்டு வைப்பார்கள், நமுத்துப் போகாது.

பவானிக்காரன்
தம்பி, முதலில் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வாங்க. சமையல்கட்டுப் பக்கம் வேண்டாம். நான் சென்னையில் பிலிம் கழுவுகிற லேப் வேலையில் இருந்தவன், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

1950-களின் தொடக்கம் வரை வந்த 35 எம்எம் பிலிம் பெரும்பாலும் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 2003 ஜனவரியில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு எரிந்து எத்தனையோ பழைய படங்கள் ஒரே நாளில் போனது. கெட்டுப்போன நைட்ரேட் தேன் மாதிரி பிசுபிசுக்கும், அப்புறம் பழுப்புத் தூளாக உதிரும். அப்படி இருந்தால் தொடவே தொடாதீங்க.

பின்னால் வந்தது அசிடேட். சேஃப்டி பிலிம் என்பார்கள், ஓரத்தில் அந்த வார்த்தையே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். எளிதில் எரியாது, ஆனால் அழுகும். மூடியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறினால் அது அசிடேட். பிலிம் சுருங்கி, விளிம்பு அலை அலையாக நிற்கும். பக்கத்து டப்பாவுக்கும் அது தொற்றும்.

திறந்து மோந்து பார்த்துவிட்டு உடனே மூடுங்க. வெயிலில் விரிக்க வேண்டாம். ஊரில் யாரிடமாவது பழைய புரொஜெக்டர் இருக்கிறது, ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பவே கூடாது. சுருங்கிய பிலிமைப் பல்சக்கரத்தில் மாட்டினால் ஓட்டை எல்லாம் கிழிந்து நூல் நூலாகத்தான் கையில் வரும்.

சிங்கை மில்வாசல்
கேள்விக்கு வருகிறேன். நான் சிங்காநல்லூர். சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த இடத்தை இன்றைக்குக் காட்டினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1943-ல் சிவகவி அங்கேதான். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த ஹரிதாஸும் இங்கே எடுத்ததுதான். எம்ஜிஆர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி, 1947, அதுவும். டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு தனியாகப் போய்த் தொடங்கிய பட்சிராஜா ஸ்டுடியோவில் 1954-ல் மலைக்கள்ளன். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. அதே கதையை அடுத்த வருடம் ஆசாத் என்று இந்தியில் எடுத்து திலீப் குமாரை நடிக்க வைத்தார்.

எனக்கு மலைக்கள்ளன் வேண்டும். டிவியில் வருவது வேண்டாம். எங்கள் அப்பா மில் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தலையோடு போய் உட்கார்ந்து பார்த்த மலைக்கள்ளன். ராத்திரிக் காட்சிகளில் இருட்டு இருட்டாகவே இருந்ததாம். இன்றைக்கு டிவியில் அந்த இருட்டெல்லாம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து வீடியோ கேசட், கேசட்டிலிருந்து யூடியூப். மிஞ்சியதைத்தான் நாம் ‘அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்துக் கேமராமேன் மேல் பழி!

ஏற்காடு அடிவாரம்
அண்ணா, கோவைப் பெருமை போதும், சேலத்துக்கு வாங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 100 படத்துக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன், 1938, அதுவே மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் தயாரிப்பு. இப்போது ஏற்காடு ரோட்டில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

என் ஆசை அலிபாபாவும் 40 திருடர்களும். 1956. தமிழில் முழுநீளமாக வந்த முதல் கலர் படம், கேவாகலர் என்ற பிலிமில். எங்கள் பாட்டிக்குக் கதை மறந்துவிட்டது, துணியின் நிறம் மறக்கவில்லை. ‘அந்தப் பச்சை, அந்தச் சிவப்பு, திருவிழாக் கடை மாதிரி’ என்பார். நான் சின்ன வயதில் பார்த்தபோது எல்லோர் முகமும் செங்கல் நிறத்தில் இருந்தது. இதையா இவ்வளவு நாள் பேசினாய் என்று பாட்டியைக் கேலி செய்தேன். தப்பு என்மேல்தான்.

பவானிக்காரன்
சேலத்துத் தம்பி, பாட்டி சொன்னதே சரி. கலர் பிலிமில் மூன்று சாயம் மூன்று அடுக்காக இருக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் மங்காது. அந்தக் காலத்துப் பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சைதான் முதலில் கிளம்பும், கடைசியில் சிவப்பு மட்டும் நிற்கும். வானம், புல், பச்சைப் புடவை எல்லாம் போய் ரோஸ் பவுடர் பூசின மாதிரி ஆகிவிடும். கேமரா நெகட்டிவ் நல்லபடி இருந்தால் திரும்பக் கொண்டுவரலாம். மங்கிப்போன பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால், கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றுகிறவர் பாட்டி பார்த்த பச்சை எது என்று ஊகிக்கத்தான் முடியும். நொடிக்கு 24 கட்டம் (ஃபிரேம்) என்றால், மூன்று மணி நேரப் படத்தில் 2,59,200 கட்டம். அத்தனையிலும் ஊகம் சரியாக விழ வேண்டும்.

நொய்யல்கரை
எல்லோரும் ‘அசல், அசல்’ என்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். அசல் என்றால் எது?

ஷோலே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் டைரக்டர் முதலில் எடுத்த முடிவில் தாக்கூர் வில்லன் கப்பரைக் கொன்றுவிடுவார். சென்சார் ஒத்துக்கொள்ளவில்லை, போலீஸ் வந்து பிடிப்பதாக மாற்றினார்கள். 50 வருடம் கழித்து, 2025-ல் இத்தாலியின் பொலோன்யாவில் பழைய முடிவோடு புதுப்பித்துக் காட்டினார்கள். சரி, எது அசல்? டைரக்டர் நினைத்ததா, கோடிப் பேர் பார்த்ததா? எங்கள் அப்பா பார்த்த ஷோலேவில் கப்பர் சாகவில்லை. அவருக்கு அதுதான் ஷோலே.

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டுங்கள். 2012-ல் கர்ணன் டிஜிட்டலில் வந்தபோது 20 வயதுப் பையன்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். 1964 படம். பெரிய திரை, புதுச் சத்தம் என்று போட்டதால்தானே வந்தார்கள்? கோடு விழுந்த பழைய பிரதியை அப்படியே ஓட்டியிருந்தால் தியேட்டரில் நாமும் பெருச்சாளியும்தான்.

சிங்கை மில்வாசல்
விசிலடித்ததை யார் குறை சொன்னது? நானும்தான் அடித்தேன். என் கோபம் படத்தின் தலையை வெட்டுவதில். 1973-ல் ராஜராஜ சோழன் வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரைப் படம் கிடையாது. அதற்கு முன் எடுத்ததெல்லாம் கிட்டத்தட்டச் சதுரமான கட்டம். மறுவெளியீட்டுக்கு அதை ஸ்கோப்பாக மாற்றுகிறேன் என்றால் மேலேயும் கீழேயும் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க, உயரத்தில் நூற்றுக்கு 42 பங்கு போகும். ராஜாவுக்கு கிரீடம் போகும், ஆடுகிறவளுக்குப் பாதம் போகும். நாட்டியப் படத்தில் பாதம் தெரியாமல் என்ன பார்ப்பது? இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுக் காட்டினால் யாரும் டிக்கெட்டைத் திருப்பித் தரப் போவதில்லை.

ஈரோடு மஞ்சள்
நொய்யல்கரை கேட்டது நல்ல கேள்வி, அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. அன்பே வா, 1966. புதிய வானம் பாட்டில் ‘உதயசூரியன்’ என்று எழுதிப் பாடிப் பதிவு செய்தார்கள். அது தேர்தல் சின்னம் ஆயிற்றே, படத்தில் ‘புதிய சூரியன்’ என்று மாறியது. இசைத்தட்டில் ஒன்று, படத்தில் ஒன்று. நாளைக்குப் புதுப்பிக்கிறவர் எதை வைப்பார்? என் கட்சி: படத்தில் ஓடியது ஓடட்டும், மற்றது தனியாகக் கேட்கக் கிடைக்கட்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை அழித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் சினிமாவுக்குக் காப்புரிமை வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. மலைக்கள்ளன் 2014 முடிவோடு பொதுச் சொத்து. அதனால்தான் யூடியூபில் ஆளாளுக்குப் போடுகிறார்கள். ஆனால் உரிமை முடிந்ததால் நெகட்டிவ் நம் கைக்கு வந்துவிடாது. அது எந்தக் கிடங்கில், யார் பூட்டில் இருக்கிறதோ.

பவானிக்காரன்
பூட்டில் இருந்தால் சந்தோஷம். டிஜிட்டல் வந்து லேப்புகள் ஒவ்வொன்றாக மூடினபோது, நான் வேலை செய்த இடத்தில் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டோம், நெகட்டிவை எடுத்துப் போங்க என்று. பாதிக் கடிதம் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. சிலர் வந்து டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது, கிலோ கணக்கில் எடைக்கு வாங்குகிற ஆள் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பான். அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

2022-ல் மத்திய அரசு 363 கோடி ஒதுக்கி 2,200 படங்களைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் கொண்டுவந்து கொடுக்கப் படம் இருக்க வேண்டுமே. 1931-ல் வந்த நம் முதல் பேசும்படம் காளிதாஸுக்குப் பிரதியே இல்லை. எத்தனை கோடி ஒதுக்கினாலும் அது வராது.

ரீல்பெட்டி
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சென்சாரையும் லேப்பையும் திட்டுகிறீர்கள். எங்கள் அப்பா கோபி பக்கம் ஆபரேட்டர். வெட்டினதில் அவருக்கும் பங்கு உண்டு.

படப்பெட்டி டவுன் தியேட்டர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, கடைசியாகத்தான் டூரிங் கொட்டகைக்கு வரும். வரும்போதே திரையில் கோடு கோடாக மழை பெய்யும். ஓட்டும்போது அறுந்தால் அறுந்த இடத்தில் நான்கைந்து கட்டத்தைக் கத்தரித்துவிட்டு, சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, கட்டை விரலால் அழுத்திப் பிடிப்பார். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று இருபதுவரை எண்ணுவார். கொட்டகையில் விசில் பறக்கும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி நான்கு கட்டம் போனால், முப்பது ஊர் சுற்றினபின் ஒரு வசனமே காணாமல் போயிருக்கும்.

இது விபத்து. வேண்டுமென்றே வெட்டுவதும் உண்டு. இரண்டாவது ஆட்டம் நீண்டுவிட்டால் ஜனங்கள் எப்படி வீட்டுக்குப் போவது? பாட்டுதான் முதலில் போகும். ‘இந்தப் பாட்டுக்கு எல்லாரும் பீடி குடிக்க எந்திரிச்சுப் போறான், எதுக்கு ஓட்டிக்கிட்டு’ என்பார் முதலாளி. கழற்றி வைத்து, பெட்டி திரும்பும்போது ஒட்டி அனுப்ப வேண்டும். பல நேரம் ஒட்டி அனுப்பினார்கள்.

காங்கேயத்தான் தம்பி, உங்க மூன்று பாட்டில் ஒன்றாவது இப்படிப் போயிருக்கும். சென்சார் சான்றிதழைப் பாருங்க, படத்தின் முதலில் ஒரு நொடி வருமே, நிறுத்திப் படித்தால் மொத்த நீளம் அடியில் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 90 அடி. 16,200 அடி என்றால் 180 நிமிடம். யூடியூபில் 150 நிமிடம் ஓடினால் அரை மணி நேரம் யாரோ தின்றுவிட்டார்கள்.

பவானிக்காரன்
ஒரு சின்னத் திருத்தம். டிவிக்கு மாற்றும்போது நொடிக்கு 24 கட்டத்தை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 180 நிமிடப் படம் ஒன்றும் வெட்டாமலேயே 173-க்குப் பக்கத்தில் வரும். குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். அந்த ஏழு நிமிடத்துக்கு யாரையும் திட்டாதீங்க. மீதி 23-க்குத் திட்டலாம்.

நொய்யல்கரை
ஆபரேட்டர் வெட்டியது, முதலாளி வெட்டியது, டிவிக்காரன் வெட்டியது. அப்படியானால் கோவை ஏரியாவுக்கு வந்த பெட்டி ஒரு படம், சேலம் ஏரியாவுக்குப் போன பெட்டி வேறு படம். நான் கேட்டதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள்.

ரீல்பெட்டி
இல்லைங்க. கோவைப் பெட்டியில் போன பாட்டு சேலத்துப் பெட்டியில் இருக்கும், அதுதான் விஷயம். நான்கு அரைகுறைப் பிரதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுப் படம் தேறலாம். அதனால்தான் அட்டாலி டப்பாவுக்கு மதிப்பு. நல்ல பிரதியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வேறு இடத்தில் கெட்டிருந்தால் போதும்.

காங்கேயத்தான்
திறந்துவிட்டேன். வாசலில், வேப்ப மரத்தடியில், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு. காடி வாடை ஆளைத் தூக்கியது, ஆத்தா, எங்கள் பாட்டி, உள்ளேயிருந்து ‘ஊறுகாய்ப் பானை ஏதும் உடைஞ்சு போச்சா’ என்று கேட்டார். ஓரத்தில் சேஃப்டி என்று இருக்கிறது. வெளிச்சுற்று இரண்டு முழத்தை மட்டும் மெதுவாகப் பிரித்து வானத்தைப் பார்த்துப் பிடித்தேன்.

நியூஸ் ரீல்.

அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது, படத்துக்கு முன்னால் ஓட்டுவார்களே. யாரோ ரிப்பன் வெட்டுகிறார். அணைக்கட்டில் தண்ணீர் விழுகிறது. மலைக்கள்ளன் இல்லை, அலிபாபா இல்லை, ரிப்பன்.

பொள்ளாச்சி சந்தை
முறுக்கே பரவாயில்லை.

ஏற்காடு அடிவாரம்
எந்த அணை? எங்கள் மேட்டூராக இருக்க முடியாது, அது பிலிம்ஸ் டிவிஷன் வரும் முன்பே, 1934-லேயே கட்டி முடித்தது.

பவானிக்காரன்
சிரிக்காதீங்கப்பா. நியூஸ் ரீலும் ஆவணம்தான். தம்பி, அதை முழுசாகப் பிரிக்காதே. ஆனால் சுருளைப் பக்கவாட்டில் பார், விளிம்பில் எங்கேயாவது நிறம் மாறித் தனிக் கோடு மாதிரி தெரிகிறதா? வேறு பிலிமை ஒட்டியிருந்தால் அப்படித் தெரியும்.

காங்கேயத்தான்
அண்ணா, நீங்கள் மந்திரவாதி. நடுவில், உள்வட்டத்துக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்குக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. அதுதான் சுருளின் கடைசி, வால் முனை. உள்பக்க நுனி தளர்வாகவே இருந்தது, ஒரு முழம் வெளியே எடுக்க முடிந்தது. கட்டத்துக்கு நான்கு ஓட்டை, அடிக்கு 16 கட்டம், எண்ணிப் பார்த்தேன். வெளுப்பாக உள்ள பகுதி குத்துமதிப்பாக 60 அடி வரலாம். கறுப்பு வெள்ளை. பாவாடை தாவணியில் ஒரு பெண், பின்னால் கமலைக் கிணறு, வாய் திறந்திருக்கிறது. ஓரத்தில் ஒலிக்கோடு நெளிநெளியாக ஓடுகிறது. பாட்டுத்தான். நியூஸ் ரீலோடு சேர்த்து அப்பாரு ஒட்டி வைத்திருக்கிறார், வெளியே வந்த நுனியில் கட்டை விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது.

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி ஆத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ‘இது இன்டர்வலுக்கு அப்புறம் வர்ற பாட்டு. உங்க அப்பாரு இதை ஓட்டவே மாட்டாரு. பத்தேகால் பஸ்ஸை விட்டா ஊதியூர்க்காரங்க நடந்துதான் போகோணும்னு கழட்டி வெச்சிருவாரு. எனக்கு மட்டும் ஒரு நாள் ஆட்டம் முடிஞ்சு போட்டுக் காட்டினாரு.’ என்ன படம் ஆத்தா என்றால், ‘படமா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம். கொட்டகையில ஆளே இல்ல, கடலைத் தொப்பைதான் கெடந்துச்சு’ என்கிறார்.

இழையின் முதலில் நான் யாரையெல்லாம் திட்ட நினைத்தேனோ, அந்தப் பட்டியலில் அப்பாரு இல்லை.

சிங்கை மில்வாசல்
பாட்டின் வரி ஏதாவது ஆத்தாவுக்குத் தெரியுமா? முனகினால் போதும், பதிவு செய்யுங்க. நீங்க சொன்ன புத்தகத்தில் மட்டும் பார்க்காமல் அந்தக் கட்டு முழுதும் ஒவ்வொன்றாகப் புரட்டுங்க. நானும் என்னிடம் இருக்கிற புத்தகங்களை எடுத்து வைக்கிறேன்.

பவானிக்காரன்
துணிப்பையில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் சுற்றவும் வேண்டாம். புது டப்பாவில், காற்று போகிற மாதிரி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வை. புனேக் காப்பகத்துக்கு எழுதுவோம், மும்பையில் பழைய படங்களைக் காக்கிற பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் இருக்கிறது, அங்கேயும் எழுதுவோம். கடிதம் நான் அடித்துத் தருகிறேன்.

ரீல்பெட்டி
தம்பி, 60 அடி என்றால் 40 வினாடி. மூன்று நிமிடப் பாட்டுக்கு 270 அடி வேண்டும். மீதி 210 அடி எங்கே? உங்கள் அப்பாரு அறுத்துப் போடுகிற ஆள் இல்லை, ஒட்டி வைக்கிற ஆள். இரண்டாவது டப்பா என்ன ஆச்சு?

காங்கேயத்தான்
மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன், ஆத்தா பிடுங்கி வைத்துக்கொண்டார். பவானி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வர முடியுங்களா? மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.